கேஸ் அடுப்பு: சிலிண்டரிலிருந்து சுடர் வரை

வீட்டுச் சமையலுக்கு வரும் எல்.பி.ஜி., புரோபேன், பியூட்டேன் என்ற இரு வாயுக்களின் கலவை. பெட்ரோலியத்தைச் சுத்திகரிக்கும்போதும் இயற்கை எரிவாயுவைப் பிரித்தெடுக்கும்போதும் கிடைக்கிறது. அழுத்தம் கொடுத்தால் எளிதில் திரவமாகிவிடும் என்பதால்தான் 14.2 கிலோ எரிபொருளை ஒருவர் தோளில் சுமந்து வரும் அளவுக்கு அடக்க முடிகிறது. சிலிண்டரில் பெரும்பகுதி திரவம். மேலே கொஞ்சம் இடம் விட்டு, அதில் வாயு நிற்கும். அடுப்புக்குப் போவது அந்த மேல்பகுதி வாயு மட்டுமே. அது குறையக் குறைய, கீழே உள்ள திரவம் ஆவியாகி இடத்தை நிரப்பும். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வைக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். சாய்த்தாலோ கவிழ்த்தாலோ வாயுவுக்குப் பதில் திரவம் வெளியேறும். ஒரு பங்கு திரவம் ஏறக்குறைய 250 பங்கு வாயுவாக விரியும். ரெகுலேட்டரும் டியூபும் பர்னரும் அந்த அளவைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல.

கேஸ் தீரும் நேரத்தில் சிலிண்டரைப் படுக்க வைப்பது, உலுக்குவது, வெந்நீரில் நிறுத்துவது போன்ற வழக்கங்கள் பல வீடுகளில் உண்டு. சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் முக்கியமாக வெப்பநிலையைப் பொறுத்தது. எவ்வளவு திரவம் மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அல்ல. அதனால்தான் சுடர் கடைசி வரை ஒரே மாதிரி எரிந்து, திரவம் தீர்ந்ததும் சட்டென்று அடங்குகிறது. அதற்கு மேல் உலுக்கிக் கிடைப்பது ஒரு தம்ளர் காபி போடும் அளவு. அதற்காக இந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. எவ்வளவு மிச்சம் என்று அறிய ஈரத்துணியால் சிலிண்டரைச் சுற்றித் துடைத்தால் போதும். திரவம் இருக்கும் மட்டம் வரை ஈரம் மெதுவாகவும் அதற்கு மேல் விரைவாகவும் காயும்.

இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடுப்படியில் வரும் அந்தக் கெட்ட வாடை, கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே சேர்க்கப்படும் எத்தில் மெர்காப்டன் என்ற பொருளுடையது. தீப்பிடிக்கும் அளவுக்கு வாயு சேர்வதற்கு வெகு முன்பே மூக்குக்கு எட்டும்படி அதைக் கலக்கிறார்கள். இருந்தும் மூக்கை முழுதாக நம்ப முடியாது. ஒரே வாடையில் சில நிமிடம் இருந்தால் அது பழகிப்போய்த் தெரியாமலாகிவிடும். சளி பிடித்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் தொடக்கத்திலேயே தெரியாமல் போகலாம். வெளியே போய்த் திரும்பி வருபவர் “கேஸ் வாடை வருதே” என்றால், வீட்டுக்குள்ளேயே இருந்தவர் சொல்லும் “ஒண்ணும் இல்லையே” என்ற பதிலை விட அந்தப் பேச்சுக்கே மதிப்பு அதிகம்.

காற்றை விட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது இது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு படிந்து பரவும். கதவிடுக்கில் புகுந்து அடுத்த அறைக்கும் போகும். சிலிண்டரைத் தரைமட்டத்துக்குக் கீழான பள்ளத்திலோ காற்றுப் புகாத அலமாரியிலோ வைக்கக் கூடாது என்பது இதனால்தான். புதுப் பாணிச் சமையலறைகளில் சிலிண்டரைக் கதவு போட்டு மறைக்கும்போது, அந்தக் கதவின் கீழ்ப்பகுதியில் காற்றுத் துளைகள் இருந்தாக வேண்டும். மேலே மட்டும் துளை போடுவதில் பயனில்லை.

காற்றில் ஏறக்குறைய 2 முதல் 9 சதவீதம் வரை இந்த வாயு கலந்தால்தான் தீப்பிடிக்கும். எட்டுக்குப் பத்து அடியில், பத்தடி உயரமுள்ள சமையலறையில் 2 சதவீதம் என்பது சுமார் ஒரு கிலோ வாயு. பெரிய பர்னர் முழுவேகத்தில் மணிக்கு 150 கிராம் அளவுக்கு எரிக்கும். ஆக, பற்றவைக்காமல் திறந்து விடப்பட்ட ஒரே பர்னர், ஜன்னல் மூடிய சமையலறையில், ஓர் இரவுக்குள் அந்த ஒரு கிலோவைத் தாண்டிவிடும். வாயு அறை முழுக்கச் சமமாகக் கலக்காமல் தரையருகே தேங்குவதால், அங்கே அந்த அளவு இன்னும் விரைவில் எட்டும். படுக்கப் போகும் முன் அடுப்புக் குமிழ்களோடு ரெகுலேட்டரையும் மூட வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

‘சிலிண்டர் வெடித்தது’ என்று செய்தித்தாள்கள் எழுதும் விபத்துகளில் பலவற்றில் வெடித்தது சிலிண்டர் அல்ல. கசிந்து அறையில் தேங்கிய வாயு, ஒரு பொறியில் மொத்தமாகப் பற்றிக்கொள்கிறது. சுவரும் கதவும் பெயர்கின்றன. சிலிண்டர் பல சமயம் முழுசாகவே கிடக்கும். தடித்த எஃகாலான சிலிண்டர் எளிதில் கிழிவதில்லை. வெளியிலிருந்து தீ நெடுநேரம் சுட்டால்தான் அந்த நிலை வரும். பலவீனமான இடங்கள் வேறு. சிலிண்டர் வாய்க்குள் இருக்கும் வாஷர், ரெகுலேட்டருக்குள் இருக்கும் சவ்வு, அங்கிருந்து அடுப்புக்குப் போகும் டியூப் ஆகிய மூன்றும் ரப்பர். ரப்பர் நாளாக நாளாக இறுகும், வெடிக்கும், சுருங்கும்.

புது சிலிண்டர் வந்ததும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சீல் உடையாமல் இருக்க வேண்டும். காலி சிலிண்டரின் எடை அதன் மீதே பொறிக்கப்பட்டிருக்கும், அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் வருவதே சரியான மொத்த எடை. சிலிண்டரைக் கொண்டுவருபவரிடம் தராசு இருக்க வேண்டும்; எடை போட்டுக் காட்டச் சொல்வது வாடிக்கையாளரின் உரிமை. மேல் வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறத்தில் ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்றும் இரண்டு இலக்க எண்ணும் எழுதியிருக்கும். இது அடுத்த சோதனைக்கான கெடு. ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். எண் ஆண்டைக் குறிக்கும். ‘பி-28’ என்றிருந்தால் 2028 ஜூன் முடிவுக்குள் அந்த சிலிண்டர் மறுசோதனைக்குப் போக வேண்டும். கெடு தாண்டிய சிலிண்டரை வாங்க மறுக்கலாம். கடைசியாக, மூடியைக் கழற்றி வால்வின் வாயில் சில சொட்டு தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். குமிழி வந்தால் உள்ளே ஊசியோ வாஷரோ சரியில்லை. கழற்றிய பிளாஸ்டிக் மூடியைக் குப்பையில் போடக் கூடாது. நைலான் கயிற்றோடு சிலிண்டரிலேயே தொங்கவிட வேண்டும்; கசிவு வந்தால் வாயை அடைக்க அதுதான் கைகொடுக்கும்.

ரெகுலேட்டரின் வேலை, சிலிண்டருக்குள் வளிமண்டலத்தைப் போலப் பல மடங்காக இருக்கும் அழுத்தத்தை, வளிமண்டல அழுத்தத்தை விட 30 மில்லிபார் மட்டுமே கூடுதலான அளவுக்கு இறக்குவது. இந்தக் கூடுதல், வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் ரப்பர் சவ்வும் சேர்ந்து இதைச் செய்கின்றன. சவ்வு பழுதானால் சுடர் தாறுமாறாக ஏறி இறங்கும், அல்லது ரெகுலேட்டரின் மேலுள்ள சிறு துளை வழியே வாடை வரும். அதைப் பிரித்துப் பழுது பார்ப்பது வீட்டு வேலையும் அல்ல, தெருமுனை மெக்கானிக்கின் வேலையும் அல்ல. ஏஜென்சியில் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். சிலிண்டர் மாற்றும் வேளையில் வீட்டில் எந்தத் தீயும் இருக்கக் கூடாது. தமிழ் வீடுகளில் சாமி அலமாரி சமையலறையிலேயே இருப்பதுண்டு. அங்கே எரியும் விளக்கையும் ஊதுபத்தியையும் பலரும் தீக்கணக்கில் சேர்ப்பதில்லை.

டியூபைத்தான் மிக அதிகமாகக் கவனிக்காமல் விடுகிறார்கள். இப்போது பரிந்துரைக்கப்படுவது ஆரஞ்சு நிற ‘சுரக்ஷா’ டியூப். வெளியுறை எளிதில் தீப்பற்றாது. உள்ளே இரும்புக் கம்பிப் பின்னல் இருப்பதால் எலி கடித்தாலும் எளிதில் ஓட்டையாகாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அதில் தேதியும் அச்சிட்டிருக்கும். ஐந்து ஆண்டு ஆனால், பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் கூடாது. அழகுக்காகத் துணி உறை மாட்டுவது, சுவருக்குள் புதைப்பது, அடுப்பின் அடியில் சூடுபடும்படி விடுவது எல்லாமே டியூபைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றன. வளைத்துப் பார்க்கும்போது மேலே நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. ஒரே டியூபிலிருந்து பிரித்து இரண்டு அடுப்புக்குக் கொடுப்பதும் தவறு. கசிவு பார்க்க சோப்பு நுரையைத்தான் பூச வேண்டும். தீக்குச்சியைக் காட்டிப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சிலிண்டர் தரையில், அடுப்பு மேடையில் என்பதே சரியான அமைப்பு; அடுப்பு எப்போதும் சிலிண்டரின் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். ஜன்னலுக்கு நேராக வைத்தால் காற்று சுடரை அணைக்கும். அடுப்புக்கு நேர் மேலே மசாலா டப்பா அடுக்கும் அலமாரி இருந்தால், எரியும் சுடரைத் தாண்டிக் கை நீளும். முந்தானையும் கூடவே போகும். நைலான், பாலியெஸ்டர் துணிகள் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்வதால் சமைக்கும்போது பருத்தியே பாதுகாப்பு.

பற்றவைப்பதில் ஒரு வரிசை உண்டு. தீக்குச்சி என்றால் முதலில் குச்சி, பிறகு குமிழ். லைட்டர் என்றால் பர்னருக்கு அருகே பிடித்துக்கொண்டு, குமிழைத் திறந்த உடனே அழுத்த வேண்டும். இரண்டு மூன்று முறையில் பற்றாவிட்டால் குமிழை மூடி, வாயு கலைய விட்டுப் பிறகு தொடங்குவதே சரி. திறந்த குமிழோடு லைட்டரை விடாமல் தட்டுபவரின் முகத்துக்கு நேரேதான் அத்தனை வாயுவும் திரண்டு நிற்கிறது.

சுடர் நீலமாக, சீராக, பர்னரை ஒட்டி எரிய வேண்டும். ஒரு பங்கு எல்.பி.ஜி. முழுதாக எரிய 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். குமிழுக்கு அடுத்துள்ள ஜெட் என்ற நுண்துளையிலிருந்து பீறிடும் வாயு, பர்னர் குழாயின் வாயருகே காற்றையும் இழுத்துக்கொண்டு உள்ளே போகிறது. இந்தக் காற்று குறைந்தால் சுடர் மஞ்சளாகும், பாத்திரத்தின் அடி கரியாகும், கேஸ் வீணாகும். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் உண்டாகும். பொங்கிய கஞ்சி காய்ந்து பர்னர் துளைகளை அடைத்திருப்பதே வழக்கமான காரணம். பர்னர் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தாலும், கரப்பான் புகுந்திருந்தாலும் இதே கதைதான்.

பித்தளை பர்னர் ஆறிய பிறகு புளியோ சோப்போ போட்டு ஊறவைத்து, துளைகளை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி, நன்றாகக் காயவைத்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஈரத்தோடு மாட்டினால் சுடர் படபடக்கும். பர்னர் மூடி கோணலாக உட்கார்ந்தால் சுடர் பின்வாங்கிக் குழாய்க்குள்ளேயே எரியக்கூடும். உடனே அணைத்துவிட வேண்டும். ஜெட்டின் துளையை மட்டும் வீட்டு ஊசியால் குத்தக் கூடாது. துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் காற்றுக்கும் வாயுவுக்கும் உள்ள விகிதம் கெட்டு, அடுப்பு நிரந்தரமாக மஞ்சளாக எரியும். குமிழ் இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுவது இன்னொரு வீட்டு வைத்தியம். சூட்டில் எண்ணெய் பிசினாகி, சில மாதத்தில் முன்னிலும் மோசமாக இறுகும். அதற்கென உள்ள வெப்பம் தாங்கும் கிரீஸைப் பூசுவது மெக்கானிக்கின் வேலை.

பால் பொங்கி சுடர் அணைவதும், சிம்மில் வைத்த அடுப்பு மின்விசிறிக் காற்றில் அணைவதும் அன்றாடக் கசிவுகள். சுடர் அணைந்தால் தானாகவே வாயுவை நிறுத்தும் கருவி சில புதிய அடுப்புகளில் உண்டு. புது அடுப்பு வாங்குபவர்கள் கண்ணாடி மேற்பரப்பின் பளபளப்பை விட இதையே முதலில் கேட்பது நல்லது. வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்துத் தட்டால் மூட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் எரியும் எண்ணெய் நாலாபக்கமும் தெறிக்கும்.

வாடை வந்தால் முதலில் செய்ய வேண்டியதை விட, செய்யக் கூடாததே முக்கியம்: எந்த மின்சுவிட்சையும் தொடக் கூடாது. போடுவதும் பொறி, அணைப்பதும் பொறி. வாடையை விரட்டுவதாக எண்ணி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவது அந்தக் கணத்தில் வரும் மிக மோசமான யோசனை. குளிர்சாதனப் பெட்டி யாரும் தொடாமலே இடையிடையே இயங்கும் என்பதால், மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் அங்கே மின்சாரத்தைத் துண்டிக்கலாம். விளக்கு, ஊதுபத்தி அனைத்தையும் அணைத்து, குமிழ்களையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும். வாடை நிற்காவிட்டால் ரெகுலேட்டரைக் கழற்றி, தொங்கும் மூடியை அழுத்தி மாட்டி, முடிந்தால் சிலிண்டரைத் திறந்த வெளிக்கு நகர்த்தலாம். வெளியே வந்த பிறகே போனை எடுக்க வேண்டும். கேஸ் கசிவுக்கான 1906 என்ற எண் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. தீப்பிடித்துவிட்டால் 101 அல்லது 112. தீக்காயத்தின் மீது பற்பசையோ மையோ பூசாமல், குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிட்டுப் பிறகு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவுக்கு மேலே சொன்னவற்றில் சில பொருந்தாது. அது மீத்தேன், காற்றை விட இலேசானது. கசிந்தால் கூரையை நோக்கி ஏறும், எனவே காற்றுத் துளை மேலே வேண்டும். ஜெட்டின் அளவும் வேறு என்பதால் பழைய அடுப்பை அப்படியே இணைக்காமல், அதற்கேற்ப மாற்றித் தருபவர்களைக் கொண்டே செய்ய வேண்டும்.

ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஏஜென்சியின் ஆளை வரவழைத்து முழு இணைப்பையும் சோதித்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துவது நல்லது. பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் இணைப்பு பெற்ற எல்லா வீடுகளுக்கும் விபத்துக் காப்பீடும் இருக்கிறது. இதற்கு வாடிக்கையாளர் தனியாகப் பிரீமியம் கட்டுவதில்லை. எரிவாயு விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தால் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, பதிவு செய்த முகவரியில் சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் வரை என்பது அதன் வரம்பு. விபத்து நடந்ததும் ஏஜென்சிக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அங்கிருந்து எண்ணெய் நிறுவனத்துக்கும், அதன் வழியாகக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் போகும்.