டிரெய்லர் வண்டியின் உட்சுவரைப் புதுப்பித்தல்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் மோட்டார் காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி ஒன்று உண்டு. அதை டிரெய்லர் என்று அழைக்கின்றனர். ஏறத்தாழ 8 அடி அகலமும், 15 முதல் 30 அடி வரை நீளமும் உடைய அவ்வண்டிக்குள் படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, சிறு குளியலறை யாவும் அடங்கிவிடுகின்றன. விடுமுறைப் பயணத்திற்காகச் செய்யப்பட்டதே எனினும், வீட்டு வாடகை கொடுக்க இயலாத குடும்பங்கள் பல இதையே நிரந்தர இல்லமாகக் கொண்டு வாழ்கின்றன. அத்தகையோர் வாங்குவது பெரும்பாலும் இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிய பழைய வண்டியே. அதன் உட்சுவர் கறை படிந்தும் உப்பியும் இருக்கும். அல்லது விற்பவர் நேற்றுப் பூசிய வெள்ளை வர்ணத்தால் பளபளக்கும். இவ்விரண்டில் பின்னதே அதிக ஆபத்தானது என்பது நமது அபிப்பிராயம். அது ஏன் என்பதையும், அச்சுவரை முறையாகப் புதுப்பிப்பது எவ்வாறு என்பதையும் ஈண்டு விளக்குவோம். தகரக் கூரையின் கீழ்த் தறியோ தானியமோ வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கு இவ்விஷயம் முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது.

இவ்வண்டிக்குக் கெட்டியான சுவர் வந்ததே மழையினால்தான். டெட்ராய்ட் நகரில் பாக்டீரியா ஆராய்ச்சியாளராக இருந்த ஆர்தர் ஷெர்மன் என்பவர் 1929-இல் மடக்குக் கூடாரம் பொருத்திய டிரெய்லர் ஒன்றை வாங்கிக் குடும்பத்துடன் புறப்பட்டார். வழியில் பெருமழை பிடித்துக்கொண்டது. கூடாரத்தை விரித்து நிறுத்துவதற்குள் அனைவரும் நனைந்தனர். ஊர் திரும்பியதும், மரநாரை அழுத்திச் செய்த மேஸனைட் பலகையால் நான்கு பக்கமும் அடைத்த வண்டி ஒன்றைத் தம் எண்ணப்படி செய்வித்தார். அதுவே பின்னர் பெருந்தொழிலாக வளர்ந்தது. மழைக்கு அஞ்சி எழுப்பிய அச்சுவருக்கு இன்றளவும் மழைநீரே முதற்பகை.

சுவரின் அமைப்பை அறியாமல் அதில் கை வைத்தல் தகாது. பழைய வண்டிகளில் பெரும்பாலானவை மரச் சட்டகம் உடையவை. நம் ஊர்த் தச்சர் ரீப்பர் என்று சொல்லும் மெல்லிய கட்டைகளே, ஒன்றரை அங்குல அகலமும் முக்கால் அங்குலக் கனமும் உள்ளவையாய், நெடுக்கும் குறுக்குமாக நிற்கும். அவற்றின் வெளிப்புறத்தே அலுமினியத் தகடு. உட்புறத்தே எட்டில் ஓர் அங்குலக் கனமுள்ள ஒட்டுப்பலகை. இடையில் வெப்பம் தாக்காதிருக்கக் கண்ணாடிப் பஞ்சு. இவ்வளவே சுவர். கேட்போருக்கு இது அட்டைப்பெட்டி போலத் தோன்றலாம். ஆனால் அம்மெல்லிய உட்பலகை வெறும் அலங்காரம் அன்று. கட்டைகளோடு ஒட்டி ஆணியால் இறுக்கப்பட்ட அப்பலகையே, வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சட்டகம் கோணிக்கொள்ளாமல் பிடித்து நிறுத்துகிறது. கட்டையும் பலகையும் சேர்ந்தே வலு. ஒன்று இற்றுப்போனால் மற்றது தனியே தாங்காது.

வேறு வகை வண்டிகளும் உண்டு. ஏர்ஸ்ட்ரீம் என்ற புகழ்பெற்ற வண்டியில் உள்ளும் புறமும் அலுமினியத் தகடே ரிவெட் ஆணிகளால் தைக்கப்பட்டிருக்கும். பிற்காலத்து வண்டிகள் சிலவற்றில் நுரைப்பாளம், மெல்லிய பலகை, கண்ணாடி இழைத் தகடு ஆகியவற்றைப் பசையிட்டு ஒரே பாளமாக அழுத்திச் சுவராக்குகின்றனர். அத்தகைய சுவர் நீரால் பிரிந்துவிட்டால் வீட்டிலிருந்தபடி செப்பனிடுவது மிகக் கடினம். ஆதலின் இங்கே மரச் சட்டக வண்டியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

நீர் எவ்வழியே நுழைகிறது? கூரையும் சுவரும் கூடும் ஓரத்திலுள்ள உலோகப் பட்டி, ஜன்னல் சட்டம், கூரைக் காற்றுப்போக்கி, மூலைகளில் பொருத்திய சிறு விளக்குகள் ஆகியவையே வாயில்கள். இவற்றின் அடியில் வைத்த மக்கு நாடா வெயிலில் காய்ந்து வெடிக்கிறது. திருகாணி துருப்பிடிக்கிறது. துளை மயிரிழை அளவாயினும் மழைநீர் அதைக் கண்டுபிடித்துவிடும். உள்ளே புகுந்த நீர் புகுந்த இடத்திலேயே தங்குவதில்லை. கட்டையின் வழியே ஓடி, ஜன்னலுக்குக் கீழோ, தரையை ஒட்டியோ, கட்டிலுக்கு அடியிலோ தன்னைக் காட்டிக்கொள்கிறது. கறை ஓரிடம், ஓட்டை வேறிடம். கறையின்மேல் வர்ணம் பூசுபவர் இவ்வுண்மையை மறந்துவிடுகிறார்.

மழை மாத்திரமன்றி, உள்ளிருந்தே பிறக்கும் நீரும் உண்டு. தகரக் கொட்டகையில் குளிர்ந்த விடியற்காலையில் கூரையின் அடிப்புறத்தில் நீர் முத்துமுத்தாக நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். டிரெய்லரிலும் அவ்வாறே. உறங்குவோரின் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த அலுமினியத் தகட்டின் உட்புறம் சென்று நீராகின்றன. சமையல் எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீர் ஆவியாகப் பிறக்கிறது என்றால், மூடிய சிறு அறையில் அது எங்கே போகும்? எனவே கூரை ஓட்டையே இல்லாத வண்டியிலும் சுவர் நனைந்திருத்தல் கூடும்.

சோதனைக்கு நெல் மூட்டையைச் சோதிக்கும் வியாபாரியின் முறையே சிறந்தது. மூட்டையின் வாயிலுள்ள நெல்லைப் பார்த்து விலை பேசுவாரில்லை. குத்தூசியை உள்ளே செலுத்திப் பார்ப்பர். சுவரையும் கட்டைவிரலால் மூலைமூலையாக அழுத்திப் பார்த்து, தளர்ந்த இடத்தில் கூரிய ஊசியால் குத்திப் பார்த்தல் வேண்டும். நல்ல கட்டை ஊசியைத் தடுக்கும். இற்ற கட்டை சோற்றில் இறங்குவதுபோல் விட்டுக்கொடுக்கும். ஈரமானியும் கிடைக்கிறது. மரத்தில் ஈரம் 15 சதவீதத்திற்குக் கீழ் இருந்தால் கவலையில்லை. 20 சதவீதத்திற்கு மேல் நீடித்து நிற்குமானால் மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சணத்திற்கு இடம் ஏற்படுகிறது. அலமாரிகளின் உட்புறத்தையும் கட்டிலுக்கு அடியிலும் பார்க்க மறத்தலாகாது. வர்ணம் பூசி விற்பவரின் தூரிகை அவ்விடங்களை எட்டியிருக்காது.

வேலை தொடங்குமுன் மின் இணைப்பையும், பாட்டரியையும், எரிவாயுக் குழாயையும் நீக்கிவிட வேண்டும். அந்நாட்டு வண்டிகளில் 120 வோல்ட் கம்பியும் 12 வோல்ட் கம்பியும் ஒரே சுவருக்குள் ஓடுகின்றன. ரம்பம் இரண்டையும் வேறுபாடின்றி அறுக்கும். 1978-இல் அந்நாட்டில் வீட்டு வர்ணங்களில் ஈயம் தடைசெய்யப்பட்டது. அதற்கு முற்பட்ட வண்டியாயின் பழைய வர்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்புதல் கூடாது. குழந்தைகள் இருக்கும் இடத்தில் இது மிக முக்கியம்.

அடுத்து, கூரை ஓரமும் ஜன்னலும் முதலில் அடைபட வேண்டும். உலோகப் பட்டியைக் கழற்றி, காய்ந்த மக்கைச் சுரண்டி எடுத்து, பியூட்டில் ரப்பர் நாடா வைத்துத் திரும்ப முடுக்குவதே முறை. அந்நாடா நெடுநாள் இளகிய தன்மையோடு இருப்பதால், வண்டியின் ஆட்டத்திற்கு இணங்கிக் கொடுக்கும். மேலே தோசை வார்ப்பதுபோல் பசையைப் பூசிவிட்டால் போதும் என்று நினைப்பவர் உண்டு. ஒரு மழைக்காலம் அது தாங்கலாம். ஓட்டை அடைபட்டதை ஒரு நல்ல மழையிலோ, குழாய் நீரைப் பாய்ச்சியோ உறுதிசெய்துகொண்ட பின்னரே உட்பலகையைத் தொட வேண்டும்.

பலகையைப் பெயர்த்தெடுப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பழைய வண்டிகள் பல உள்ளிருந்து வெளியாகக் கட்டப்பட்டவை. முதலில் உட்பலகை, அதன்மேல் அலமாரி, கட்டில். பின்னர் வெளிப்புறமிருந்து அவற்றுக்குத் திருகாணி. எல்லாவற்றுக்கும் கடைசியாக அலுமினியத் தகடு. ஆகையால் அலமாரியைப் பிடித்திருக்கும் திருகாணியின் தலை வெளித் தகட்டுக்கு அடியில் மறைந்துகிடக்கும். உள்ளே நின்று இழுப்பவர் அலமாரியை உடைப்பதே மிச்சம். சேதம் பெரிதாயின் வெளித் தகட்டைக் கழற்றுவதே நலம். கீழிருந்து மேலாக அடுக்கிய தகடுகளை மேலிருந்து கீழாக எடுத்து, ஒவ்வொன்றின் பின்புறமும் எண் எழுதி வைக்க வேண்டும். எடுக்குமுன் நாற்புறமும் புகைப்படம் எடுத்துவைத்தால், மூன்று வாரத்திற்குப் பின் எந்தக் கம்பி எங்கே போயிற்று என்று திகைக்க நேராது.

இற்றுப்போன கட்டையை நல்ல மரம் தெரியும் வரை அறுத்து நீக்கி, அதே கனத்தில் புதிய கட்டையை இணைத்துப் பசையிட்டு முடுக்குவர். எல்லாக் கட்டைகளையும் ஒரே சமயத்தில் எடுத்துவிட்டால் வண்டி வடிவிழந்துவிடும். கதவும் ஜன்னலும் பின் பொருந்தமாட்டா. ஒரு பகுதியை முடித்துவிட்டு மறு பகுதிக்குச் செல்வதே அறிவுடைமை. ஈரமான கண்ணாடிப் பஞ்சை உலர்த்திப் பயன்படுத்த முயல வேண்டாம். அதை எறிந்துவிட்டுப் புதிதாக வைப்பதற்கு அதிகச் செலவில்லை. விசிறி வைத்துச் சட்டகத்தைச் சில நாட்கள் நன்கு உலரவிட்ட பின்னரே மூட வேண்டும். அவசரப்பட்டு மூடிய சுவர், ஈரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்ததற்கு ஒப்பாகும்.

பழைய உட்பலகை பெரும்பாலும் லவான் என்னும் மரத்தால் ஆனது. பிலிப்பைன்ஸ் தீவுகளின் மொழியிலிருந்து வந்த பெயர் அது. நமக்குக் குங்கிலியம் தரும் சால மரத்தின் இனத்தைச் சேர்ந்த பெருமரங்கள் அவை. இலேசானது, வளைந்துகொடுப்பது என்பதால் வண்டி கட்டுவோர் அதை விரும்பினர். புதுப்பிப்போர் சிலர், “வீட்டுச் சுவர்போலக் கெட்டியாகப் போடுவோமே” என்று அரை அங்குல ஜிப்சம் அட்டையையோ கனத்த பலகையையோ நாடுகின்றனர். கணக்கிட்டுப் பார்ப்போம். 8 அடிக்கு 4 அடி அளவுள்ள மெல்லிய லவான் பலகை ஒன்று ஏறத்தாழ 4.5 கிலோ, அதே அளவுள்ள ஜிப்சம் அட்டை ஏறத்தாழ 23 கிலோ. 20 அடி வண்டியின் சுவருக்கும் கூரைக்கும் சுமார் 15 பலகைகள் வேண்டும். முன்னது 70 கிலோவுக்குள் முடிகிறது. பின்னது 345 கிலோ ஆகிறது. வேறுபாடு நான்கு நெல் மூட்டையை நெருங்கும். அன்றியும் ஜிப்சம் அட்டை சாலை அதிர்ச்சியில் வெடித்துவிடும்.

பாரம் கூடுவது மட்டுமன்று, எங்கே கூடுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்னுள்ள கொளுவியின்மேல் அழுந்தி நிற்க வேண்டும். பின்சுவரில் கனத்த பலகையும் அலமாரியும் ஏற்றினால் அவ்வழுத்தம் குறைந்து, விரைவாகச் செல்லும்போது டிரெய்லர் பாம்புபோல நெளியத் தொடங்கும். இழுக்கும் காரையும் கவிழ்த்துவிடக்கூடும். நம் பார வண்டியில் பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலெழும்புவதை அறிந்தோருக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பலகை வாங்கும்போது இன்னொன்றையும் கேட்டறிய வேண்டும். ஒட்டுப்பலகையின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்னும் வாயு வெளிப்படுகிறது. கண்ணை எரிக்கும், மூச்சை அடைக்கும், நெடுங்காலம் சுவாசித்தால் புற்றுநோயும் விளைவிக்கக்கூடிய நஞ்சு அது. 2005 ஆகஸ்டு மாதம் கத்ரீனா புயல் லூசியானா, மிசிசிப்பி மாகாணங்களைத் தாக்கியபோது, வீடிழந்த பல்லாயிரம் குடும்பங்களை அரசாங்கம் டிரெய்லர்களில் குடியேற்றியது. சில மாதங்களுக்குள் மக்கள் இருமலும் கண்ணெரிச்சலும் கொண்டனர். அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் 519 வண்டிகளின் காற்றைச் சோதித்தது. 100 கோடிப் பங்கு காற்றில் சராசரி 77 பங்கு அவ்வாயு இருந்தது. மிக மோசமான வண்டியில் 590 பங்கு. புயலுக்குத் தப்பியவர்கள், அடைக்கலம் தந்த சுவராலேயே நோயுற்றனர். ஒட்டுப்பலகையிலிருந்து வெளிப்படும் அளவுக்கு 2010-இல் சட்டம் வரம்பு விதித்தது. அவ்வரம்புக்கு உட்பட்டது என்று முத்திரையிட்ட பலகையையே கேட்டு வாங்க வேண்டும். பழைய கிடங்கில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்குதல் கூடாது. வெப்பமும் ஈரமும் மிகுந்தால் அவ்வாயு அதிகம் வெளிப்படும். ஆதலின் புதுச் சுவர் இட்ட சில வாரங்கள் ஜன்னல்களைத் திறந்தே வைத்தல் வேண்டும்.

பெயர்த்த பழைய பலகையையே அளவாக வைத்துப் புதியதை அறுக்கலாம். விளிம்பில் எட்டில் ஓர் அங்குலம் இடைவெளி விட்டால், பருவத்துக்கேற்ப விரிவதற்கு இடமிருக்கும். கட்டைமீது பசை தடவி, சிறு ஆணியால் நிறுத்தி, இணைப்புகளின்மேல் மெல்லிய மரப் பட்டியைப் பொருத்த வேண்டும். மக்கு வைத்து மறைத்த இணைப்பு முதற் பயணத்திலேயே வெடிக்கும்.

சுவர் உறுதியாக இருந்து, நிறம் மட்டும் மங்கியிருந்தால் வர்ணமே போதும். பழைய பலகைகளின் முகத்தில் மரவரி அச்சிட்ட தாளோ, வினைல் ஏடோ ஒட்டியிருக்கும். அதன்மேல் நேரே பூசிய வர்ணம் நகத்தால் சுரண்டினாலே உரிந்துவரும். எண்ணெய்ப் பிசுக்கு நீங்கக் கழுவி, நுண்ணிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, வழவழப்பான பரப்பிலும் பற்றக்கூடிய அடிவர்ணம் ஒன்றைப் பூசிய பின்னர் இருமுறை மெல்லியதாகப் பூச வேண்டும். நீர்க்கறை இருந்த இடத்தில் அரக்கு கலந்த அடிவர்ணம் வைக்காவிடில், பழுப்பு மீண்டும் மேலெழும்பும். தாள் உப்பி எழுந்திருந்தால் முதலில் அதை உரித்துவிட வேண்டும்.

வேலை முடிந்தபின் ஆண்டுக்கு இருமுறை கூரையின்மேல் ஏறி ஓரங்களைப் பார்ப்பதும், சமைக்கும்போது காற்றுப்போக்கியைத் திறந்து வைப்பதும், கட்டிலுக்கு அடியிலுள்ள சுவரைக் கையால் தொட்டுப் பார்ப்பதும் வீட்டுக்காரரின் வழக்கமாதல் வேண்டும். கை ஈரம் உணர்ந்தால், அன்றே ஏணியை எடுத்துக்கொண்டு கூரைக்குப் போக வேண்டியதுதான்.