கோதுமை ஆகாதவருக்கு ஒரு கோப்பை

‘பீர்’ என்ற சொல்லைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், அம்மணிகளே! உங்கள் வீட்டுக்காரருக்குக் குடிக்கக் கற்றுக்கொடுக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. இது உண்மையில் கோதுமையைப் பற்றிய கதை.

மேல்நாடுகளில் பல குடும்பங்களுக்குப் பீர் என்பது நம் வீட்டுக் காப்பி மாதிரி. பந்தாட்டம் பார்க்கக் கூடினாலும் சரி, கல்யாண விருந்தானாலும் சரி, ஆளுக்கொரு கோப்பை கையில் இருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் பச்சைத் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், “ஏன், உடம்புக்கு என்ன?” என்று பத்துப் பேர் விசாரிப்பார்கள். பத்துப் பேரிடமும் வயிற்றுக் கோளாற்றை விவரித்துக்கொண்டிருக்க முடியுமா?

அந்தக் கோளாற்றுக்கு ‘ஸீலியாக்’ வியாதி என்று பெயர். உலகில் சுமார் நூற்றுக்கு ஒருவருக்கு உண்டாம். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் ‘குளூட்டன்’ என்ற புரதம் இருக்கிறது. சப்பாத்தி மாவை இழுத்தால் ஜவ்வு மாதிரி வருகிறதே, அதற்குக் காரணம் இதுதான். இந்த வியாதிக்காரர்கள் அதைச் சாப்பிட்டால், உடம்பு தன் சிறுகுடலையே எதிரியென்று எண்ணித் தாக்குகிறது. வயிறு உப்பும், பேதியாகும், சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, குழந்தையானால் வளராது. ஆயுள் முழுவதும் குளூட்டனை விலக்குவது ஒன்றே சிகிச்சை.

இதைக் கண்டு சொன்னவர் ஹாலந்து தேசத்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே. ரொட்டியை நிறுத்தியதும் தன் குழந்தை தேறியது என்று ஒரு தாய் சொன்னதை அவர் காதில் வாங்கிக்கொண்டார். (தாய் சொல்வதைக் கேட்கிற டாக்டர்! வாழ்க அவர்.) 1944–45 குளிர்காலத்தில் யுத்தம் காரணமாக ஹாலந்தில் ரொட்டிப் பஞ்சம். ஊரே வாடிய அந்த நாட்களில் ஸீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் வியாதியும் திரும்பி வந்தது.

ரொட்டி இல்லாவிட்டால் அரிசிச் சோறு உண்டு. பீருக்கு எங்கே போவது? அது பார்லியிலேயே பிறந்தது. நாம் குழந்தைக்குக் கஞ்சி வைக்கக் கேழ்வரகை முளைகட்டி உலர்த்துகிறோம் அல்லவா? அதே போலப் பார்லியை முளைகட்டி உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்துத் தித்திப்புச் சாறு இறக்குகிறார்கள். ‘ஹாப்ஸ்’ என்ற கசப்புப் பூவைப் போட்டுக் காய்ச்சி, ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள்.

பார்லியின் இடத்தில் சோளத்தை வைத்தால் என்ன? அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து லேக்ஃப்ரண்ட் ஆலை சோளமும் அரிசியும் கொண்டு ‘நியூ கிரிஸ்ட்’ என்ற பீரைக் காய்ச்சியது. 2006 டிசம்பரில் பெரிய கம்பெனியான ஆன்ஹைஸர்-புஷ் ‘ரெட்பிரிட்ஜ்’ என்ற சோள பீரை வெளியிட்டது. ஆனால் ஆரம்ப காலத்துச் சோள பீர்களில் ஒரு புளிப்பும் வெல்லப்பாகு வாசனையும் இருப்பதாகப் பலர் முகம் சுளித்தார்கள். சோளத்து மாவு இளகுவதற்குப் பார்லியைவிட அதிகச் சூடு வேண்டும். அதைத் தித்திப்பாக்கும் சக்தியும் சோள முளையில் குறைவு. பச்சரிசிக்கு வைக்கிற தண்ணீரைப் புழுங்கலரிசிக்கு வைத்தால் சோறு உருப்படுமா?

பிறகு வந்தவர்கள் பார்லியைக் காப்பியடிப்பதை விட்டார்கள். அங்கேதான் ருசி பிறந்தது என்பது என் அபிப்பிராயம். கனடாவில் மாண்ட்ரியால் நகரத்து ‘குளூட்டன்பர்க்’ ஆலையைத் தொடங்கிய இருவரில் ஒருவருக்கு இதே வியாதி. சிறுதானியங்களைக் கொண்டு காய்ச்சிய அவர்கள், 2012-ல் உலக பீர் கோப்பைப் போட்டியில் குளூட்டன் இல்லாத பிரிவின் மூன்று பதக்கங்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள்!

இங்கே ஒரு ஜாக்கிரதை தேவை. பார்லியிலேயே பீர் காய்ச்சி, ஒரு ‘என்ஸைமை’ விட்டுக் குளூட்டனைத் துண்டு துண்டாக வெட்டிவிடுகிற முறையும் இருக்கிறது. ஸ்பெயின் தேசத்து ‘டௌரா’ அந்த ரகம். ஐரோப்பாவில் 10 லட்சத்தில் 20 பங்குக்கு மேல் குளூட்டன் இல்லையென்றால் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அட்டை ஒட்டலாம். அமெரிக்காவில் இந்த ரகத்துக்கு அப்படிப் போட அனுமதி இல்லை. ‘நீக்கப் பக்குவம் செய்தது’ என்றுதான் போடலாம். வெட்டுண்ட துண்டுகளைச் சோதனையில் சரியாக அளக்க முடியவில்லை என்பதே காரணம். விருந்தாளியை அழைக்கிற வீட்டம்மாள் சீசாவைத் திருப்பி, ‘பார்லி’ என்று இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். மதுவே இல்லாத பீரானாலும் இதே விதிதான். அதிலும் பார்லி இருக்கலாம்.

பீர்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்குக் கவலை குறைவு. திராட்சையில் ஒயின், ஆப்பிளில் ‘ஸைடர்’, தேனில் ‘மீட்’, மெக்ஸிகோவின் கற்றாழை போன்ற ‘அகாவே’ செடியில் ‘டெக்கீலா’ என்று எத்தனையோ உண்டு. பார்லியில் பிறந்த விஸ்கியில்கூட, ஆவியாக்கி வடிக்கும்போது புரதம் பின்தங்கிவிடுகிறது. பிறகு வாசனை ஏதாவது சேர்த்தால்தான் சந்தேகம்.

தென்னாப்பிரிக்காவின் ஸோஸா, ஸூலு வீடுகளில் ‘உம்கொம்போத்தி’ என்று ஒரு பீர். மக்காச்சோளமும் முளைகட்டிய சோளமும் அதன் சரக்கு. பரம்பரையாகக் காய்ச்சுகிறவர்கள் பெண்கள். கூழாகக் கரைத்து, புளிக்கவைத்து, புல்லால் பின்னிய நீள வடிகட்டியில் கையாலேயே பிழிந்து இறக்குகிறார்கள். கல்யாணத்துக்கும் முன்னோர் வழிபாட்டுக்கும் ஒரே பானைதான். அது கைமாறிக் கைமாறிச் சுற்றி வரும்.