வாட்டம் பார்க்கப் படிப்பவர்கள்

ஓர் ஏக்கர் மனையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் இரண்டு லட்சம் லிட்டர் தண்ணீர் விழுகிறது. கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஓர் ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகளில் பிடித்தால் ஏறக்குறைய பதினேழு லாரி. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் இவ்வளவு மழை ஒரே மாலையில் கொட்டிவிடும். அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே தேங்கும், மண்ணுக்குள் எவ்வளவு இறங்கும், பக்கத்து மனைக்குள் எவ்வளவு போகும்? லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் என்கிற நிலத்தோற்ற வடிவமைப்பைப் படிக்க வரும் மாணவரின் முன் முதலில் வைக்கப்படும் கேள்வி இது. செடிகள் அதற்கு அப்புறம்தான்.

இந்தப் படிப்பைப் பலரும் தோட்டக்கலை என்றே நினைக்கிறார்கள். தோட்டமும் அதில் உண்டு. ஆனால் கட்டடத்தின் சுவருக்கு வெளியே வானத்துக்குக் கீழே இருக்கும் எல்லாமே இவர்கள் கணக்கில் வரும்: தரைமட்டம், மண், வடிகால், நடைபாதை, படிக்கட்டு, நிழல், உட்காரும் இடம், குளம், ஆற்றங்கரை, சில வேளைகளில் ஒரு மாவட்டத்தின் முழு நீர்ப்பிடிப்புப் பகுதி. தொழிலாக இது உருப்பெற்றது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில். 1858இல் ஃபிரடெரிக் லா ஓம்ஸ்டெட்டும் கால்வர்ட் வாக்ஸும் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்குக்கான போட்டியில் வென்றார்கள். இன்று 843 ஏக்கர் பரப்புள்ள அந்தப் பூங்காவில் இயற்கையாகக் கிடந்ததென்று நாம் நினைக்கும் ஏரிகளும் புல்வெளிகளும் பெரும்பாலும் மனிதர்கள் வெட்டியும் நிரப்பியும் உண்டாக்கியவை. பூங்காவைக் குறுக்கே கடக்கும் நான்கு சாலைகளைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கியதுதான் அவர்கள் வரைபடத்தின் பெரிய சாமர்த்தியம். நடப்பவரின் கண்ணில் வண்டி படாது. 1900இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் இதைப் பட்டப்படிப்பாகத் தொடங்கியது. இந்தியாவில் தில்லியின் ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர் 1972இல் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளியிலும் இதைப் படிக்கலாம்.

நம் கொத்தனார்களிடம் ‘வாட்டம்’ என்றொரு சொல் உண்டு. மொட்டை மாடியில் தண்ணீர் நிற்காமல் குழாய்ப் பக்கம் ஓடத் தளத்தைச் சற்றே சரிப்பதை அப்படிச் சொல்வார்கள். நிலத்தோற்ற மாணவரின் அடிப்படைத் திறமையும் அதுவே. மொட்டை மாடிக்குப் பதிலாக ஒரு வளாகத்துக்கோ பூங்காவுக்கோ செய்ய வேண்டும். கல் பாவிய தரைக்குக் குறைந்தது 1 சதவீதச் சரிவு வேண்டும், அதாவது நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம். புல்தரைக்கு 2 சதவீதம். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் 1:12க்கு மேல் செங்குத்தாகக் கூடாது. இந்தக் கடைசி எண்ணை ஒரு மாணவர் தாளில் வரைந்து பார்க்கும்போதுதான் விஷயம் உறைக்கிறது. வாசலில் பதினைந்து சென்டிமீட்டர் உயரத்தில் மூன்றே படி; மொத்தம் 45 சென்டிமீட்டர். அதற்கு ஈடான சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். அந்த நீளத்துக்கு இடம் விடாமல் கட்டி முடித்த பிறகு எத்தனை பள்ளிகளில், வங்கிகளில் யாரும் ஏற முடியாத செங்குத்துச் சிமென்ட் மேட்டை ஒட்டவைத்திருக்கிறார்கள்! முதல் வாரத்தில் மட்டம் குறித்திருந்தால் அந்த அவலம் இல்லை.

சரிவைத் தாளில் பிடிக்கும் கருவி சம உயரக் கோடு. ஒரே உயரத்தில் உள்ள புள்ளிகளை இணைத்தால் வருவது. கோடுகள் நெருங்கி நின்றால் செங்குத்து, விலகி நின்றால் சமவெளி. மழைநீர் எப்போதும் அந்தக் கோடுகளுக்குச் செங்குத்தாகவே இறங்கும். பள்ளத்தாக்கில் கோடுகள் மேட்டுப் பக்கமாக வளையும், முகட்டில் பள்ளத்துப் பக்கமாக வளையும். இதை மனப்பாடம் செய்வது சுலபம், கையால் மாற்றி வரைவது சுலபமில்லை. இப்போதிருக்கும் நிலத்தைப் புள்ளிக்கோட்டிலும் தான் மாற்ற நினைக்கும் நிலத்தை முழுக்கோட்டிலும் மாணவர் வரைய வேண்டும். நூறு மீட்டர் நீள மனை. வடக்கில் 10 மீட்டர் மட்டம், தெற்கில் 8.5. நடுவில் ஒரு கட்டடம். மேட்டிலிருந்து வரும் தண்ணீர் கட்டடத்தின் முதுகில் மோதாமல் இரண்டு பக்கமும் பிரிந்து போக வேண்டும் என்றால், பின்பக்கத்தில் கோடுகளைப் பிடித்திழுத்து ஆழமில்லாத ஒரு புல்வாய்க்காலை உண்டாக்க வேண்டும். வெட்டி எடுக்கும் மண்ணும் நிரப்பும் மண்ணும் ஏறக்குறைய சமமாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிச்ச மண்ணை லாரியில் ஏற்றி அனுப்பவோ குறையும் மண்ணை விலைகொடுத்து வாங்கவோ நேரும். ஒரு கோட்டை நகர்த்தினால் பக்கத்திலிருக்கும் ஐந்து கோடுகளும் நகரும். இந்தப் பயிற்சியில் பட்டர் பேப்பர் சுருள் சுருளாகத் தீரும். அட்டையைக் கோட்டின்படி வெட்டி அடுக்கி மாதிரி செய்து பார்ப்பதும் உண்டு. கணினி இருக்கிறதே என்று இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடும் மாணவர்கள் பின்னால் திணறுவார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

வரைவதற்கு முன் இடத்தைப் படிக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு ஒரு முறை போய்ப் படமெடுத்து வந்தால் போதாது. மண்ணை ஈரப்படுத்திக் கையில் உருட்டிப் பார்த்தால் களியா மணலா என்று தெரியும். குறுக்குவழியாக மக்கள் நடந்து நடந்து புல் தேய்ந்த தடம் இருந்தால், பாதை எங்கே வேண்டும் என்பதை அவர்களே காட்டிவிட்டார்கள். மதிய வெயிலில் யார் எந்த நிழலில் ஒதுங்குகிறார்கள், மாலையில் கடைக்காரர் வண்டியை எங்கே நிறுத்துகிறார் என்பதெல்லாம் வரைபடத்தில் ஏற வேண்டிய தகவல்கள். வெயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குளிர்நாட்டில் எழுதப்பட்ட பாடநூல்கள் வெயில் தெற்கிலிருந்து வரும் என்று சொல்லிவிடும். சென்னை 13 பாகை வடக்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி தாண்டும்வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். கோடையில் உண்மையாக வதைப்பது மாலை நேர மேற்கு வெயில். பாடநூல் சொன்னதை அப்படியே நம்பித் தெற்கில் மட்டும் மரம் வைக்கும் மாணவரின் பூங்கா, மாலை நாலு மணிக்கு யாரும் உட்கார முடியாத இடமாகிவிடும்.

மரம் வரைவதில் காலக் கணக்கு வருகிறது. கட்டடம் திறப்பு விழாவன்று முழுமையாக இருக்கும். நிலத்தோற்ற வேலை அன்றைக்குத்தான் தொடங்குகிறது. நடும்போது கைத்தடி அளவில் இருக்கும் புங்கங்கன்று முதிர்ந்தால் அதன் கிளைவிரிவு பத்து மீட்டரைத் தாண்டும். வரைபடத்தில் அந்த முதிர்ந்த வட்டத்தைப் போட்டுத்தான் இடைவெளி விட வேண்டும். உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் படர்கின்றன. ஆகவே அடிமரத்தைச் சுற்றிச் சிமென்ட் பூசினால் மரத்துக்குக் காற்றும் நீரும் அடைபடுகின்றன. 2016 டிசம்பர் 12இல் வார்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பெருங்கொன்றை, செம்மயிற்கொன்றை போன்ற, சீக்கிரம் வளரும் வெளிநாட்டு மரங்கள் அதில் பெருமளவு. பூவும் நிழலும் உடனே வேண்டும் என்ற அவசரத்தில் நட்டவை அவை. புன்னை, பூவரசு, மகிழம், நீர்மருது என்று இந்த மண்ணுக்கும் காற்றுக்கும் பழகிய மரங்களின் பட்டியல் ஒவ்வொரு மாணவர் கையிலும் இருக்க வேண்டும். நாற்றுப்பண்ணையில் அந்தக் கன்றுகள் கிடைக்கின்றனவா என்று விசாரிப்பதும் படிப்பின் பகுதிதான்.

மேற்படிப்பில் அளவு பெரிதாகிறது. அங்கே எல்லோரும் சந்திக்கும் பெயர் இயன் மெக்ஹார்க். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்ன அவர் 1969இல் வெளியிட்ட ‘டிசைன் வித் நேச்சர்’ என்ற நூல் இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஒரு விரைவுச்சாலை காட்டு முகட்டின் வழியாகத் திட்டமிடப்பட்டிருந்தது. சரிவு, மண், வடிகால், காடு, வரலாற்றுச் சின்னம், குடியிருப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடித்தாள் வரைபடம் செய்தார் மெக்ஹார்க். எது இழக்கக்கூடாததோ அது அழுத்தமான நிறம். எல்லாத் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது, வெளிறித் தெரிந்த தடமே சாலை போடுவதற்குக் குறைந்த சேதமுள்ள வழி. அந்தக் காட்டு வழிச் சாலை கடைசிவரை போடப்படவே இல்லை. இன்று ஜிஐஎஸ் என்ற புவித்தகவல் மென்பொருளில் மாணவர்கள் அடுக்கடுக்காகத் தகவல்களைத் திறந்து பார்க்கிறார்களே, அந்த முறையைப் பரவலாக்கியவற்றில் இந்தக் கண்ணாடித்தாள்கள் முக்கியமானவை.

மாணவப் பயிற்சி எங்கே போய் நிற்கும் என்பதற்கு மாயா லின் உதாரணம். 1981இல் வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சின்னத்துக்கான போட்டிக்கு 1,421 வரைபடங்கள் வந்தன. பெயர் மறைத்து எண் மட்டும் போட்டு நடுவர்களிடம் வைத்தார்கள். வென்றவர் யேல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவி. வகுப்புக்காகச் செய்த வேலை அது. அவர் எதையும் எழுப்பவில்லை. புல்வெளியை வெட்டி, தரையைச் சுமார் மூன்று மீட்டர் ஆழம்வரை மெல்ல இறக்கி, வெட்டிய முகத்தில் கருங்கல் சுவரைப் பதித்து, ஏறக்குறைய 58,000 பெயர்களை அதில் பொறிக்க வைத்தார். ஒரு சுவர் லிங்கன் நினைவகத்தை நோக்கும், மற்றது வாஷிங்டன் தூணை நோக்கும். தரை இறங்க இறங்கச் சுவர் உயர்கிறது, பெயர்கள் பெருகுகின்றன. சரிவு ஒன்றைக் கொண்டே துயரத்தைச் சொல்ல முடியும் என்று ஒரு மாணவி காட்டிவிட்டார்.

இப்போதைய மாணவர்கள் எந்த நாட்டில் படித்தாலும் ஆராயும் இடம் சிங்கப்பூரின் பீஷான்–அங் மோ கியோ பூங்கா. அதன் ஓரமாகக் காலாங் ஆறு, வெள்ளத்தை விரைந்து கடத்துவதற்கான 2.7 கிலோமீட்டர் நேர்க்கோட்டுக் கான்கிரீட் கால்வாயாக ஓடிக்கொண்டிருந்தது. மழை பெய்தால் சீறும், மற்ற நாளில் அடியில் சிறிது நீர். வேலிக்கு இந்தப் பக்கம் பூங்கா, அந்தப் பக்கம் கால்வாய். 2012இல் திறக்கப்பட்ட புதிய பூங்காவில் அந்த வேலியும் கான்கிரீட்டும் இல்லை. ஆறு வளைந்து வளைந்து 3.2 கிலோமீட்டர் ஓடுகிறது. கால்வாயின் அகலம் 17 முதல் 24 மீட்டர்தான் இருந்தது. இப்போது பெருமழையில் ஆறு ஏறக்குறைய நூறு மீட்டர்வரை விரியலாம், விரிந்து கொள்ளும் இடமே புல்வெளி. வெள்ளத்தைத் தாங்கும் திறன் சுமார் 40 சதவீதம் கூடியது. சாதாரண நாளில் பிள்ளைகள் விளையாடும் புல்வெளியே மழை நாளில் ஆற்றின் மடி.

கரை எப்படி நிற்கிறது என்பதுதான் மாணவர்களுக்கு இதில் பெரிய பாடம். வெப்பமண்டலத்தில் இந்த அளவுக்கு யாரும் செய்து பார்த்ததில்லை என்பதால், பூங்காவின் ஒரு சிறு வடிகாலில் பத்து வகை உயிர்க்கரை முறைகளை முன்கூட்டியே சோதித்தார்கள். அதில் ஒன்று, வேர்விடக்கூடிய பச்சைக் கிளைகளைக் கரும்புக்கட்டு மாதிரி சேர்த்துக் கட்டிக் கரையோரமாகக் கிடத்திப் புதைப்பது. கிளை வேர்விட்டு மண்ணைப் பிணைக்கும். காலம் போகப் போகக் கான்கிரீட் பலவீனமாகும், இந்தக் கரை பலமாகும். பெயர்த்த கான்கிரீட்டையும் வெளியே கொட்டவில்லை. பூங்காவுக்குள்ளேயே அதைக்கொண்டு ஒரு குன்று அமைத்தார்கள். நீர்நாய்கள் அங்கே குடும்பமாக வந்து நீந்துகின்றன. இவ்வளவையும் சாத்தியமாக்கியது ஒரே முடிவு: வடிகால் துறையும் பூங்காத் துறையும் தங்கள் நிலங்களுக்கு நடுவே இருந்த எல்லைக் கோட்டை எடுத்துவிட்டன.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இதே பாடம் நம் ஏரிகளில் இருக்கிறது. சுமார் 39,000 ஏரிகள். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக மிச்ச நீர் கீழ் ஏரிக்குப் போகும். எந்த ஏரி எவ்வளவு பிடிக்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கலங்கல் கல்லின் மட்டம். இப்படித் தொடரும் ஏரிச் சங்கிலி ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் வரத்துக்கால் எங்கே மனைப்பிரிவுக்குள் காணாமல் போயிற்று, கலங்கலின் மட்டம் எங்கே மாற்றப்பட்டது என்று நடந்து அளந்து வரைவதைவிட ஒரு நல்ல இறுதியாண்டுத் திட்டம் எனக்குத் தெரியவில்லை.

ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், லூமியன் போன்ற மென்பொருள்கள் எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டியவைதான். சில மாதங்களில் வந்துவிடும். வேலைக்குப் போகும்போது காட்டும் போர்ட்ஃபோலியோவில் இவற்றால் செய்த பசுமையான படங்களையே பலர் நிரப்புகிறார்கள். இருபது ஆண்டு வளர்ந்த மரத்தைத் திறப்பு நாளில் நிற்பதாகக் காட்டும் படம் பார்ப்பவரை ஏமாற்றுகிறது. அதற்குப் பதிலாக, நிலத்தை வெட்டிப் பார்த்த குறுக்குவெட்டுப் படம் ஒன்று, முதலாண்டு, ஐந்தாம் ஆண்டு, இருபதாம் ஆண்டு என்று மூன்று நிலைகளில் அதே இடம், கையால் குறித்த மட்டங்கள்: இவை இருந்தால் அனுபவமுள்ளவர் ஒரு நிமிடத்தில் ஆளை எடைபோட்டுவிடுவார். வரைபடங்களை மதிப்பிடும் ஜூரியில் பேசவும் தெரிய வேண்டும், ஊர்க்கூட்டத்தில் பேசவும் தெரிய வேண்டும். இரண்டாவது கடினம். அதைக் கற்றுத்தருவது போதாமல்தான் இருக்கிறது.

நம் நாட்டில் பெரும்பாலும் ஐந்தாண்டு பி.ஆர்க். முடித்து, பிறகு இரண்டாண்டு முதுகலையாக இதைப் படிக்கிறார்கள். இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இளங்கலையிலேயே படிக்கலாம். இப்படிப் படித்து வருபவர்களை நம் ஊரில் எப்போது அழைக்கிறார்கள்? கட்டடம் எழும்பி, மரங்கள் வெட்டப்பட்டு, மேல்மண் போய், மதில் சுவர் வைத்த பிறகு, மிச்ச இடத்தில் கொரியப் புல் பதிக்க. அந்த நேரத்தில் அவர்களால் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். வீடு கட்டுவோருக்கும், பள்ளியோ மருத்துவமனையோ கட்டும் நிர்வாகங்களுக்கும், நகராட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: அடித்தள உயரத்தை முடிவு செய்யும் முதல் கூட்டத்துக்கே இவர்களையும் கூப்பிடுங்கள்.