பாட்டுக்குத் திரும்பிப் பார்க்குதா பிள்ளை? தாலாட்டும் வளர்ச்சிப் படிகளும்

(ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

போன நிகழ்ச்சியில குழந்தை எந்த மாதத்தில் என்ன செய்யும்னு பேசினோம். அதைக் கேட்டுட்டு ஆரணியிலிருந்து ஒரு பாட்டி குரல்பதிவு அனுப்பியிருக்காங்க. வீட்டுக்குள்ளேயே பட்டுத்தறி. பேரனுக்கு 5 மாதம். "தறி எவ்வளவு ஓடினாலும் ஏணையில அசையாம தூங்குறான். நெசவுக்காரன் வீட்டுப் பிள்ளை, பழகிட்டான்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா பின்னாடி நின்னு நான் பாடினா திரும்பவே மாட்டேங்கிறான். இது சரிதானா?"

ரொம்ப முக்கியமான கேள்விம்மா. இதுல ரெண்டு விஷயம் இருக்கு. சத்தத்துல தூங்குறது ஒண்ணு. பாட்டுக்குத் திரும்பாதது இன்னொண்ணு. முதல் விஷயம் சாதாரணமா இருக்கலாம். தினமும் ஒரே மாதிரி வர்ற சத்தத்துக்குக் குழந்தைகள் பழகுறது உண்மைதான். ரெண்டாவது விஷயத்தைத்தான் நாம கவனிக்கணும்.

பாட்டு எப்போ தொடங்குது?

குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்குறது பிறந்த பிறகு இல்லைங்க. கர்ப்பத்தின் ஆறாம் மாத வாக்கிலேயே வெளிச்சத்தம் உள்ளே போகுது. பிறந்து சில நாள் ஆன குழந்தைகள் வேற பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலையே விரும்பிக் கேட்பதை 1980-ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது.

பாட்டுக்குத் தனி பலமும் உண்டு. கனடாவில் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் 6 முதல் 9 மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தாங்க. பேச்சைக் கேட்ட குழந்தைகள் சுமார் 4 நிமிடத்தில் சிணுங்க ஆரம்பிச்சாங்க. பாட்டைக் கேட்டவங்க சுமார் 9 நிமிடம் அமைதியா இருந்தாங்க. இத்தனைக்கும் அது அவங்க அறியாத துருக்கி மொழிப் பாட்டு!

நம்ம மொழியில் 'தால்' என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுறதால தாலாட்டு. குழந்தை பொருளைக் கேட்கலை. குரலையும் அது மறுபடி மறுபடி வர்ற ஒழுங்கையும்தான் கேட்குது. அதனால குரல் நல்லாயிருக்கணும், ராகம் தெரியணும்னு கவலையே வேண்டாம்.

நடைக்குப் பொறுக்கலாம், காதுக்குப் பொறுக்கக் கூடாது

பிள்ளைத்தமிழில் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமா பிரிச்சிருக்காங்க. 3-ஆம் மாதம் தொடங்கி 21-ஆம் மாதம் வரைன்னு ஒரு கணக்கு. 5-ஆம் மாதம் செங்கீரை, தலை தூக்கி ஆடுறது. 9-ஆம் மாதம் சப்பாணி, கை கொட்டுறது. அதுக்கப்புறம் வருகை, நடந்து வர்றது. அந்த வரிசை இன்னைக்கும் மருத்துவர் சொல்ற வரிசைக்குப் பக்கத்திலதான் இருக்கு.

ஆனா வரிசை வேற, தேதி வேற. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைப் பார்த்தது. பிடிமானம் இல்லாம உட்கார்றது சுமார் 4 மாதத்திலிருந்து 9 மாதத்துக்குள் எப்போ வேணும்னாலும் வந்தது. தனியா நடப்பது 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை! கை முட்டி போட்டுத் தவழாமலே நடந்த குழந்தைகளும் உண்டு. அதனால "பக்கத்து வீட்டுப் பிள்ளை நடக்குதே"ன்னு தவிக்க வேண்டாம்.

காது அப்படி இல்லை. மூளையில் பேச்சுக்கான இடங்கள் முதல் சில வருஷங்களில், சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் உருவாகுது. அந்தக் காலம் போனா அதைத் திரும்பப் பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

நம்மை ஏமாற்றும் நாலு விஷயம்

முதல்ல ஏணை. ஆட்டுறோம், பாடுறோம், பக்கத்தில் நம்ம வாசனையும் இருக்கு. பிள்ளை தூங்கிடுது. எதுக்குத் தூங்குச்சு? ஆட்டத்துக்கா, பாட்டுக்கா? தெரியாது.

ரெண்டாவது அதிர்வு. கதவை அறைஞ்சா பிள்ளை திடுக்கிடலாம். தறியை மிதிச்சா தரையும் தூணும் அதிருது. அது உடம்புக்குத் தெரிஞ்சிருக்கலாம், காதுக்கு இல்லை.

மூணாவது கண். எதிரில் நின்னு பாடினா நம்ம வாயசைவையும் சிரிப்பையும் பார்த்தே குழந்தை சிரிக்கும்.

நாலாவது, குழந்தையின் சொந்தக் குரல். "ஊ... ஆ..."ன்னு சத்தம் போடுது, அதனால காது நல்லாத்தான் இருக்குன்னு நினைப்போம். காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் அப்படிக் குரல் கொடுக்கும். "பாபாபா", "மாமாமா"ன்னு எழுத்துக் கூட்டிப் பேசுற மழலைதான் அவங்களுக்குத் தாமதமாகும். பொதுவா அது 6 மாதத்துக்கு மேல வரணும்.

வீட்டில் எப்படிப் பார்ப்பது?

தறியை நிறுத்துங்க. டிவி, மின்விசிறியையும் நிறுத்துங்க. குழந்தை பசியில்லாம, விழிச்சு, அமைதியா இருக்கணும். ஒருத்தர் மடியில் வெச்சுக்கட்டும். நீங்க குழந்தையின் கண்ணுக்குத் தெரியாம, பக்கவாட்டில் சற்றுப் பின்னே நில்லுங்க. நிழல் விழக் கூடாது, தொடக் கூடாது, ஆட்டக் கூடாது. மெதுவா ஒரு வரி பாடுங்க. பிறகு அடுத்த பக்கம். வேற வேற நாளில் செய்து பாருங்க.

3 மாதத்துக்குள் பழகின குரலைக் கேட்டால் அமைதியாகணும், இல்லை அசைவை நிறுத்தணும். 4 முதல் 6 மாதத்தில் சத்தம் வர்ற பக்கம் கண்ணோ தலையோ திரும்பணும். 9 மாதத்துக்குள் பேர் சொன்னால் பார்க்கணும். ஒரு வயசு வாக்கில் ஒண்ணு ரெண்டு வார்த்தை.

இது பரிசோதனைக்கு மாற்று இல்லைங்க. இதுல திரும்பிட்டாலும் குறைந்த அளவு குறைபாடோ ஒரு காதுக் குறைபாடோ தெரியாமப் போகலாம். சந்தேகம் வந்தா போய்ப் பார்க்கணும், அவ்வளவுதான்.

எங்கே போவது?

பிறந்தப்போ காது பரிசோதனை நடந்ததான்னு மருத்துவமனைச் சீட்டில் பாருங்க. உலகம் முழுக்க மருத்துவர்கள் சொல்ற கணக்கு 1-3-6: ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்துதல், 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம். ஆயிரம் குழந்தைகளில் 1 முதல் 3 பேருக்குப் பிறவியிலேயே காது கேளாமை இருக்கு. குறைமாதப் பிறப்பு, கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல், நெருங்கிய உறவில் திருமணம் இவையெல்லாம் ஆபத்தைக் கூட்டும். இதெல்லாம் இல்லாத குழந்தைக்கும் வரலாம்.

பரிசோதனை வலிக்காது. தூங்குற குழந்தையின் காதில் சின்ன அடைப்பான் வெச்சுச் சில நிமிடத்தில் பார்க்கிறது ஒண்ணு. தலையில் ஒட்டுவான் ஒட்டிப் பார்க்கிற 'பெரா' இன்னொண்ணு. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையம் வெச்சு இலவசமா பார்க்கிறாங்க. அங்கன்வாடி பணியாளரோ கிராம சுகாதார செவிலியரோ வழி சொல்வாங்க. காது கருவியால் பலன் இல்லாதவங்களுக்கான காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சையும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருது.

ஆரணிப் பாட்டிக்கு

அம்மா, தறி நிறுத்தின நேரத்தில் ஒரு முறை பாருங்க. அப்பவும் திரும்பலைன்னா "பழகிட்டான்"ங்கிற வார்த்தையை நம்பாம இந்த வாரமே பேரனைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்க. எல்லாம் நல்லபடியா இருந்தா மனசு நிம்மதி. குறை இருந்தாலும் 5 மாதத்தில் கண்டுபிடிச்சது பெரிய காரியம்.

முடிவு எதுவானாலும் பாடுறதை நிறுத்தாதீங்க. போனில் பாட்டு வெச்சுக் கையில் கொடுக்கவும் வேண்டாம். 2 வயசு வரை திரை வேண்டாம்னுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது. மடியில் வெச்சு, முகம் பார்த்து, பிள்ளையின் கையை உங்க தொண்டையில் வெச்சுப் பாடுங்க. காது கேட்கிற பிள்ளைக்கு அது பாட்டு. கேட்காத பிள்ளைக்கும் அது உங்க முகம், உங்க மூச்சு, உங்க அதிர்வு.

அடுத்த நிகழ்ச்சியில் சந்திப்போம். கேள்விகளை அனுப்புங்க.