எம்பியு-6050 உணரி இயக்கி

எம்பியு-6050 என்பது முடுக்கமானியையும் சுழல்காட்டியையும் ஒரே சில்லில் கொண்ட, இன்வென்சென்ஸ் நிறுவனம் உருவாக்கிய அசைவு உணரி ஆகும். பொழுதுபோக்காகச் செய்யப்படும் இருசக்கர எந்திரன்களில் சமநிலை காக்கப் பயன்படுகிறது.

இயக்கி மென்பொருளுக்கு மறுமொழியே வராவிடின் முகவரியை நோக்க வேண்டும். பதினறும எண் 68 வழமையான முகவரி. ஏடி0 முனை உயர்நிலையில் இருந்தால் 69. மறுமொழி வந்தும் அளவீடுகள் யாவும் சுழியமெனில், சில்லு உறக்கநிலையில் உள்ளது. மின்னூட்டியதும் அது அந்நிலையிலேயே இருக்கும். 6பி பதிவகத்தில் சுழியம் எழுதினால் விழிக்கும். இதனைப் பழுதெனக் கருதி நல்ல சில்லை எறிந்துவிடுவோரும் உண்டு.

சுழல்காட்டியின் சுழியப் பிழை வெப்பநிலையுடன் மாறும். மேட்டுப்பாளையத்து வெயிலில் பதிந்த திருத்த மதிப்பு, உறைநிலையை நெருங்கும் உதகமண்டலத்துச் சனவரி விடியலில் பொருந்தாது. நிமிர்ந்து நிற்கும் எந்திரன் சாய்வதாக இயக்கி கணித்து, அதனைக் கவிழ்த்துவிடும். எனவே ஒவ்வொரு முறை இயக்கும்போதும் திருத்தம் தேவை. முடுக்கமானித் திருத்தத்தைச் சரிவில் செய்யலாகாது: நீலகிரி மலை இரயில் பாதையின் 12க்கு 1 என்னும் சரிவே ஏறத்தாழ 5 பாகைப் பிழையாகும்.