உங்களுக்குத் தெரியுமா? மீன்தொட்டிக்கும் வான் வேண்டும்!

மாரி மழையில் அக்கராயன் குளம் நிறையும் நாட்களில் ஸ்கந்தபுரத்தில் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: "குளம் வான் பாயுதோ?" விறாந்தையில் மீன்தொட்டி வைத்திருப்பவரும் கேட்கவேண்டிய கேள்வி அது. மீன்தொட்டியின் நீர்வழி பற்றிச் சில செய்திகள் இங்கே.

■ தொட்டியின் நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது பம்ப் அல்ல, வானின், அதாவது மிகுநீர் வழிந்தோடும் விளிம்பின், உயரம். மேல்விளிம்பைத் தாண்டி விழும் நீர் குழாய்வழியே 'சம்ப்' எனும் கீழ்த்தொட்டிக்கு இறங்கி, வடிகட்டப்பட்டு, பம்ப் மூலம் மறுபடி மேலே ஏறுகிறது. பம்பின் வேகத்தை இரட்டித்தாலும் வானுக்கு மேல் நிற்கும் நீரின் தடிப்பு சுமார் 1.6 மடங்குதான் கூடும். குளக்கட்டு வானுக்கும் இதே கணக்குத்தான்.

■ 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. கரண்ட் நின்றால் பம்பும் நிற்கும். மேலே ஏற்றிய குழாயே சைபனாக மாறி நீரைக் கீழே இழுக்கும். 120 சென்ரிமீற்றர் நீளம், 45 சென்ரிமீற்றர் அகலமுள்ள தொட்டியில் 1 சென்ரிமீற்றர் நீர் என்பது 5.4 லீற்றர். குழாயின் வாய் 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருந்தால் 54 லீற்றர் கீழே வரும். சம்பில் அதற்கு இடமில்லையென்றால் வீட்டு நிலத்தில்தான் வெள்ளம்.

■ இதைத் தடுக்கச் சின்னத் துளை ஒன்றே போதும். ஏற்றுகுழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே துளையிட்டால், மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று உள்ளே புகுந்து சைபன் அறுந்துவிடும். துளையைப் பாசி அடைத்துவிடும் என்பதால் வாரம் ஒருமுறை ஈர்க்கால் குத்தித் துப்புரவு செய்யுங்கள். ஒருவழி வால்வை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அதன் இதழுக்குள் ஒரு நத்தைக்குஞ்சு சிக்கினாலும் நீர் கசிந்து இறங்கும்.

■ கரண்ட் வந்தபின்தான் பலருக்கு உண்மையான சிக்கல் தொடங்குகிறது. பம்ப் ஓடுகிறது, மேல்தொட்டி நிறைகிறது, வடிகுழாயோ நீரை முழுதாக இழுப்பதில்லை. இறங்கிவந்த நீரால் சம்பின் மட்டம் உயர்ந்து, வடிகுழாயின் அடி ஆழமாக மூழ்கியிருக்கும். குழாய்க்குள் அடைபட்ட காற்றுக்கு வெளியேற வழியில்லை. பம்ப் ஓடும்போதுள்ள சம்ப் மட்டத்துக்கு 2 அல்லது 3 சென்ரிமீற்றர் கீழே மட்டும் குழாயின் வாய் இருக்குமாறு வெட்டிவிட்டால், காற்று 'களக் களக்' என்று குமிழியிட்டு வெளியேறும், சைபன் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

■ கண்ணாடியில் துளையிடாமல் விளிம்பில் தொங்கவிடும் வளைகுழாய்ப் பெட்டியில் அதிக கவனம் தேவை. மெதுவாக ஓடும் நீரில் குமிழிகள் வளைவின் உச்சியில் சேர்ந்து, ஒருநாள் சைபனை அறுத்துவிடும். வளைகுழாயின் இரண்டு வாய்களும் எப்போதும் நீருக்குள் இருக்கவேண்டும். நீரின் வேகமும் குமிழியை அடித்துச் செல்லப் போதுமானதாக இருக்கவேண்டும்.

■ சைபன் எப்படி வேலை செய்கிறது என்பதில் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியே 1911 முதல் தவறு செய்திருந்தது. நீரை நகர்த்துவது வளிமண்டல அழுத்தமே என்று அதில் எழுதியிருந்தது. நீரைக் கீழ்நோக்கி இழுப்பது புவியீர்ப்பு என்று 2010இல் சுட்டிக்காட்டியவர் அவுஸ்திரேலிய இயற்பியலாளர் ஸ்டீபன் ஹியூஸ்.

■ அணைகளிலும் சைபன் உண்டு. இந்தியாவின் சத்தீஸ்கர் மாநிலத்தில் 1914க்கும் 1923க்கும் இடையில் கட்டப்பட்ட மரம்சில்லி அணையின் வான் சைபன் முறையிலானது. நீர் குறித்த மட்டத்தைத் தொட்டதும், யாரும் கதவு திறக்காமலே அது பாயத் தொடங்கும்.

■ வெளியேறும் நீரைக் கட்டுப்படுத்துவது நம் தீவின் பழங்கலை. குளக்கட்டுக்குள் கிணறுபோல் இறங்கும் 'பிசோகொட்டுவ' மதகுகளைப் பற்றி நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர் 1909இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதினார். மீன்தொட்டியில் அந்த வேலையைச் செய்வது கேற் வால்வு. நூலளவு திருகினாலே நீரின் ஓட்டம் மாறும். போல் வால்வில் அந்த நுணுக்கம் கிடைக்காது.

■ நம்பிக்கையான தொட்டிக்கு மூன்று வடிகுழாய்கள். முதலாவது நிறைந்து ஓடும் சைபன். கேற் வால்வு அதில்தான் இருக்கும். இரண்டாவது மிஞ்சிய சிறு நீரைச் சத்தமின்றி வாங்கும். மூன்றாவது எப்போதும் காய்ந்தே கிடக்கும். முதல் இரண்டும் அடைபட்டால் காப்பாற்றப்போவது அதுதான். அதற்கு வால்வு பூட்டாதீர்கள்.

■ 2022 மார்ச் 31 அன்று இலங்கையில் 13 மணித்தியால மின்வெட்டு. அப்படிப்பட்ட நாட்களில் மீனோடு சேர்ந்து வடிகட்டியில் வாழும் நல்ல பக்டீரியாக்களும் ஒட்சிசன் இன்றித் தவிக்கும். மீன்கழிவிலிருந்து வரும் அமோனியாவின் நஞ்சை மாற்றுவது அவைதான். பற்றரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்ப் ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள்.

மின்வெட்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொட்டியின் பக்கத்தில் நின்று பம்பின் சுவிட்சை நிறுத்துங்கள். சம்பில் நீர் ஏறிநின்ற இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். பிறகு சுவிட்சைப் போட்டு, வடிகுழாய் தானாகப் பிடிக்கிறதா என்று பாருங்கள். மூன்று முறை செய்து மூன்று முறையும் ஒரு சொட்டும் சிந்தாவிட்டால், உங்கள் தொட்டியை நம்பி நீங்கள் ஊருக்குப் போய்வரலாம்.