உண்மையை மறைப்பதும் பொய் சொல்வதும் ஒன்றா?

கடன்காரர் வாசலில் நிற்கையில், "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்" என மகனை ஏவும் தந்தை, அதே மகன் பள்ளியில் பொய் சொன்னான் என்று கேள்விப்பட்டால் பிரம்பை எடுக்கிறார். "யாருக்கும் தீங்கில்லாத பொய் பாவமாகுமா?" என்று நம்மையும் கேட்கிறார். பெரிய மேதைகளையும் வாட்டிய கேள்வி அது.

புனித அகுஸ்தீனார் பொய்யைப் பற்றி இரு நூல்கள் எழுதினார்; ஒன்று ஏறத்தாழ 395-ஆம் ஆண்டிலும், மற்றொன்று ஏறத்தாழ 420-ஆம் ஆண்டிலும். மனிதர் தம் எண்ணத்தைப் பிறருக்கு அறிவிக்கவே பேச்சு தரப்பட்டது, ஏமாற்றுவதற்காக அன்று. ஆகவே எப்பொய்யும் பாவமே என்பது அவர் முடிவு. உயிரைக் காப்பாற்றச் சொல்லும் பொய்யுமா? ஆம், அதுவுந்தான்.

இதற்கு அவர் காட்டும் சான்று, வட ஆப்பிரிக்காவில் தாம் பிறந்த தகாஸ்தே நகரில் முன்னாளில் ஆயராயிருந்த பிர்முஸ் என்பவர். தம்மிடம் அடைக்கலம் புகுந்த ஒருவனை அவர் ஒளித்து வைத்திருந்தார். பேரரசனின் சேவகர் வந்து கேட்டபோது, பொய்யும் சொல்லமாட்டேன், அவனைக் காட்டியும் கொடுக்கமாட்டேன் என்று மறுத்துவிட்டார். உடலை வதைத்தும் அவர் அசையவில்லை. இறுதியில் பேரரசன் முன் நிறுத்தப்பட்டார்; அவரது உறுதியை வியந்த மன்னன் அந்த மனிதனுக்கு மன்னிப்பு அளித்தான். மன்னன் மனம் இரங்காதிருந்தால்? அப்போதும் அகுஸ்தீனாரின் முடிவு மாறியிராது.

ஆனால் அவர் கல்நெஞ்சர் அல்லர். சாகக் கிடக்கும் நோயாளி ஒருவன், மகன் இறந்ததை அறியாமல், "என் மகன் நலமா?" என்று கேட்கிறான், உண்மையைச் சொன்னால் அவன் உயிரே போய்விடும். இந்த எடுத்துக்காட்டை வரையும்போது, தாமும் மனிதரே, தம் உள்ளமும் மிகவும் கலங்குகிறது என்று ஒப்புக்கொள்கிறார். ஆயினும் பொய்க்கு அனுமதி தரவில்லை. ஒன்றுக்கு இடம் கொடுத்தால் எங்கே போய் நிற்கும் என்பதே அவர் அச்சம்.

புனித தோமாஸ் அக்குவினாஸ் இக்கொள்கையை ஏற்றுக்கொண்டே, பொய்யின் தரத்தைப் பிரித்துக் காட்டினார். கேடு செய்யும் பொய் வேறு. வேடிக்கைக்கும் உதவிக்கும் சொல்லும் பொய் வேறு. பின்னவை தம்மளவில் சாவான பாவம் அல்ல. எபிரேயக் குழந்தைகளைக் காத்த மருத்துவச்சிகள் இறைவனிடம் நற்பலன் பெற்றதாக யாத்திராகமம் கூறுகிறதே எனில், அவர்களது தெய்வ பயத்துக்கே அப்பலன், பொய்க்கு அன்று என்கிறார். பிறரைக் காக்கவும் பொய் கூடாது. ஆனால் உண்மையை விவேகத்தோடு மறைத்துக் கொள்ளலாம் என்பதும் அவர் போதனையே.

இந்த வாசலைச் சிலர் அளவுக்கு மீறி அகலத் திறந்தார்கள். "நான் செய்யவில்லை" என்று வாயால் சொல்லி, "இன்றைக்கு" என்று மனத்துக்குள் சேர்த்துக்கொண்டால் பொய்யாகாதாம்! இத்தகைய தந்திரத்தைப் பாப்பரசர் 11-ஆம் இன்னோசென்ட் 1679-ல் கண்டனம் செய்தார்.

நம் காலத்திலும் ஒரு திருத்தம் நேர்ந்தது. 1992-ல் வெளிவந்த மறைக்கல்வி நூல், உண்மையை அறிய உரிமையுள்ளவரை ஏமாற்றுவதே பொய் என்ற பொருள்பட வரையறுத்திருந்தது. 1997-ன் இலத்தீன் மூலப்பதிப்பில் அந்த "உரிமையுள்ளவர்" நீக்கப்பட்டார். யாருக்கு உரிமை உண்டு என்பதை ஏமாற்றுகிறவனே தீர்மானித்தால், பிடிக்காதவர் எவருக்கும் உரிமை இல்லாமற் போய்விடுமன்றோ? எனினும், அறிய உரிமையற்றவரிடம் உண்மையை வெளியிடும் கடமை எவருக்கும் இல்லை என்ற போதனை அந்நூலில் அப்படியே நிற்கிறது. கடன்காரருக்கு அந்த உரிமை உண்டு என்பதை நம் தந்தை கவனிப்பாராக.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் அன்று. புற்றுநோய் கண்ட தாயிடம் "வெறும் வயிற்றுப் புண்தான்" என்று சாதிக்கும் பிள்ளைகள் நம்மிடையே பலர். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பொய்யைக் காக்க, குருவானவரை வாசலிலேயே தடுக்க வேண்டியிருக்கிறது; அவரைக் கண்டால் அம்மா பயந்துவிடுவாராம். நோயில்பூசுதலும் கடைசிப் பாவசங்கீர்த்தனமும் தள்ளிப்போகின்றன. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட வேண்டும் என்று எவரும் கூறவில்லை. "மருத்துவர் சொன்னதைக் கேட்க விரும்புகிறீர்களா, அம்மா?" என்று கையைப் பற்றிக்கொண்டு கேட்கலாம், வேண்டாம் என்றால் அவ்வளவில் நிறுத்தலாம். பல தாய்மார் தம் நிலையை முன்னரே உணர்ந்து, பிள்ளைகள் மனம் நோகுமென்று தெரியாதவர்போல் இருந்துவிடுகிறார்கள்.